உஷார்! சாணிதானே என்று தொட்டிக்குள் இறங்காதீர்கள்

சாணத் தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்க நீங்கள் உள்ளே இறங்காதீர்கள். பெற்ற பிள்ளையாக இருந்தாலும் இறங்காதீர்கள். இப்படிச் சொல்பவனைக் கல்நெஞ்சக்காரன் என்று திட்டத் தோன்றும். தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள், ஆனால் இறங்காதீர்கள். எருத் தொட்டியில் சாவு பல நேரம் ஒருவரோடு நிற்பதில்லை. விழுந்தவரைக் காப்பாற்றப் போனவர், அவரைக் காப்பாற்றப் போனவர் என்று வரிசை நீள்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், 1989 ஜூலை. ஒரு பால் பண்ணையின் எருக்குழியில் கலக்கும் எந்திரத்தின் ஆணி ஒன்று உடைந்துபோனது. அதை மாற்றப் பண்ணைக்காரரின் 37 வயது மகன் இறங்கினார். ஏறும்போது மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க 15 வயதுப் பையன் இறங்கினான். பிறகு ஒருவர் பின் ஒருவராக மற்றவர்கள். 65 வயதுப் பண்ணைக்காரர், அவருடைய இரண்டு மகன்கள், ஒரு பேரன், உறவினர் ஒருவர் என ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் அந்தக் குழியில் முடிந்துபோனார்கள். குழியின் ஆழம் பத்தடிதான். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இந்தச் சம்பவத்தை முன்வைத்து, எருக்குழிச் சாவுகளுக்கென்றே 1990-ல் தனி எச்சரிக்கை வெளியிட்டது.

எச்சரிக்கை வெளியாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் கதை மாறவில்லை. 2012 செப்டம்பரில் வட அயர்லாந்தில், அல்ஸ்டர் ரக்பி அணியின் இளம் வீரர் நெவின் ஸ்பென்ஸ் தன் வீட்டுப் பண்ணையில் இறந்தார். அப்பாவும் அண்ணனும் அவரோடு போனார்கள். தொட்டிக்குள் விழுந்த நாயைக் காப்பாற்றப் போனதில் தொடங்கியது அது. காப்பாற்ற முயன்ற அக்காவும் மயங்கினார். அவர் மட்டும் பிழைத்தார். 22 வயது, நாடறிந்த விளையாட்டு வீரனின் உடம்பு. அந்த உடம்பே தாங்கவில்லை என்றால் நம் நுரையீரல் எம்மாத்திரம்?

‘சீமையில் நடந்ததற்கு இங்கே எதற்குக் கூப்பாடு?’ என்று கேட்பீர்கள். இங்கேயும் தொட்டிகள் பெருகுகின்றன, அதற்காகத்தான். சாணத்திலிருந்து எரிவாயுவும் எருவும் எடுக்க மத்திய அரசு கோபர்தன் திட்டத்தை 2018-ல் தொடங்கியது. அந்த ஆலைகளில் கிடைக்கும் எருவை விற்க டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகை 2023-ல் அறிவிக்கப்பட்டது. பத்து மாடு வைத்திருப்பவர்கூட இன்று கோபர் கேஸ் தொட்டி, ஸ்லரி (சாணக் கரைசல்) தொட்டி, கோமியத் தொட்டி என்று கட்டுகிறார். கட்டட்டும், நல்லதுதான். ஆனால் சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் கணக்குப் போடுகிற யாரும் உள்ளே உருவாகிற காற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை.

தொட்டியே வேண்டாம், பழையபடி குப்பைமேடே போதும் என்றும் சொல்ல முடியாது. மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் ஏறத்தாழ பாதியும், சாம்பல்சத்தில் பெரும்பகுதியும் கோமியத்தில்தான் போகின்றன. அதை மண்ணில் வழியவிட்டு, சாணத்தை மட்டும் வெயிலில் குவித்து வைத்தால், கண் எரியும் அந்த நெடியோடு தழைச்சத்தும் அம்மோனியாவாகப் பறந்துவிடும். கடைசியில் கையில் மிஞ்சும் தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் இருந்தால் அதிகம். கோழி எருவில் மூன்று சதவீதம் வரை உண்டு. அதையும் திறந்த வெளியில் போட்டால் இதே கதிதான். யூரியா மூட்டைக்கு வரிசையில் நிற்பவர், தன் வீட்டு யூரியாவைக் காற்றுக்குத் தானம் செய்கிறார். ஆகவே சாணத்தையும் கோமியத்தையும் சேர்த்துப் பிடித்து, காற்றுப் புகாமல் மூடி வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஆபத்தும் அந்த மூடியோடுதான் பிறக்கிறது.

காற்றில்லாத சாணத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் தருகின்றன, கரியமில வாயு தருகின்றன. கூடவே ஹைட்ரஜன் சல்பைடும் தருகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதுதான். காற்றைவிடக் கனமானது. எனவே தொட்டியின் அடியிலும், ஸ்லரியின் மேல்மட்டத்தை ஒட்டியும் தங்கி நிற்கும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்பது கணக்கு. எழுநூறு, ஆயிரம் பங்கு என்று ஏறினால் ஆள் இரண்டொரு மூச்சில் நினைவிழந்து சாய்ந்துவிடுவார். கத்தக்கூட நேரம் கிடைக்காது. சுத்திகரிக்காத கோபர் கேஸில் இது ஆயிரம் பங்கைத் தாண்டுவது அபூர்வமல்ல.

‘நாற்றம் வந்தால் விலகிக்கொள்வேன்’ என்று நினைப்பவர்தான் முதலில் மாட்டுவார். நூறு பங்கை நெருங்கும்போது இந்த வாயு மூக்கின் உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் குறைந்துவிட்டது, காற்று சுத்தமாகிவிட்டது என்று தோன்றும் அந்த நேரத்தில்தான் விஷம் உச்சத்தில் இருக்கும்.

கிணற்றில் இறங்குமுன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கிப் பார்க்கும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. கிணற்றில் பிராணவாயு இருக்கிறதா என்று பார்க்க அது ஓரளவு உதவியிருக்கலாம். சாணத் தொட்டியில் அதைச் செய்வது தற்கொலைக்குச் சமம். மீத்தேன் காற்றில் ஐந்து முதல் பதினைந்து சதவீதம் கலந்திருந்தால் தீப்பொறி பட்டவுடன் வெடிக்கும். வெடிக்காமல் விளக்கு நின்று எரிந்தாலும் நம்பாதீர்கள். சுடர் அணைவதற்குப் பிராணவாயு பதினாறு சதவீதம் அளவுக்குக் குறைய வேண்டும். ஆனால் பிராணவாயு போதிய அளவு இருக்கும்போதே, ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் சல்பைடு ஆளை முடித்துவிடும். சுடருக்கு அது தெரியாது. மூக்கில் ஈரத் துண்டு, கொரோனா காலத்து முகக்கவசம், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே நிமிடத்தில் ஏறிவிடுவேன் என்ற வீராப்பு: இவை எதுவும் உதவாது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவதும் அப்படித்தான். பத்தடி ஆழத்தில் நினைவிழந்து சேற்றில் கிடக்கும் ஆளை இரண்டு பேர் இழுத்துப் பாருங்கள், தெரியும்.

பல மாதம் அசையாமல் கிடக்கும் தொட்டியில் மேலே ஏடு கட்டியிருக்கும். பார்த்தால் சாதுவாகத் தெரியும். விதைப்புக்கு முன் ஸ்லரியை வயலுக்கு அனுப்ப வேண்டும் என்று கலக்குகிறோமே, அந்த நேரம்தான் கண்டம். குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி, கரைந்து கிடந்த வாயு மொத்தமும் குபீரென்று வெளியே வரும். கலக்க ஆரம்பித்த முதல் சில நிமிடங்களில் தொட்டிக்கு வெளியே, பக்கத்துக் கொட்டகையில் கட்டியிருந்த மாடுகளே செத்து விழுந்த சம்பவங்கள் உண்டு. ஆடிப் பட்டத்துக்கு எரு அடிக்கக் கிளம்புகிறவர்கள் இதைக் கவனியுங்கள். காற்று அசையாத புழுக்கமான நாளில் தொட்டியைக் கலக்காதீர்கள். கலக்கும்போது பக்கத்தில் மாடு வேண்டாம், குழந்தைகள் வேண்டவே வேண்டாம். பீடி, சிகரெட்டும் கூடாது. எந்திரத்தை ஓடவிட்டுவிட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கள்.

இன்னொன்று, படித்த விவசாயிகளையே கவிழ்க்கக்கூடியது. எருக்குழியில் தழைச்சத்து பறக்காமல் இருக்க ஜிப்சம் அல்லது சூப்பர் பாஸ்பேட் தூவச் சொல்வார்கள். பழைய யோசனை, நல்ல யோசனை. ஆனால் அது காற்றாடும் தொழு உரக் குவியலுக்கு மட்டும்தான். அதையே மூடிய ஸ்லரி தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். காற்றில்லாத இடத்தில் அந்த சல்பேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுவதற்கென்றே ஒரு பாக்டீரியா கூட்டம் இருக்கிறது. சூப்பர் பாஸ்பேட்டிலும் ஜிப்சம் கலந்துதான் இருக்கிறது. மாட்டுக்குப் படுக்கையாக ஜிப்சம் தூள் போட்ட பண்ணைகளில், எருவைக் கலக்கும்போது இந்த வாயு பல மடங்கு கூடுவதை அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். சத்தைக் காக்கப் போட்ட பொருள் விஷத்தைக் கூட்டுகிறது. உர மூட்டையின் மேல் இதை யார் அச்சடிக்கப் போகிறார்கள்?

விஷப் புகை இருக்கக்கூடிய தொட்டிக்குள் உரிய முன்னெச்சரிக்கை இல்லாமல் தொழிலாளியை இறக்கக் கூடாது என்று 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, 36-வது பிரிவில் எழுதிவைத்தார்கள். தோட்டத்துத் தொட்டி தொழிற்சாலை ஆகாது. அங்கே மேற்பார்வைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். ‘அண்ணே, ஃபுட்வால்வு அடைச்சிருக்கு, இறங்கி எடுத்துட்டு வர்றேன்’ என்று கூலிக்கு வந்த தம்பி சொன்னால், வேண்டாம் என்று தடுக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். வால்வு போனால் போகட்டும். கைப்பேசி விழுந்தால் போகட்டும். கன்றுக்குட்டி விழுந்தாலும், மனதைக் கல்லாக்கிக்கொண்டு வெளியிலிருந்தே கயிறு வீசிப் பாருங்கள்.

இறங்கவே தேவைப்படாதபடி தொட்டி கட்டுவதுதான் உண்மையான பாதுகாப்பு. கொத்தனார் வரும் முன்பே இதையெல்லாம் பேசிவிடுங்கள். சாணம் கரைக்கும் இடத்தில் மணலும் கல்லும் தங்க ஒரு சின்னப் பள்ளம் விட்டால், அடியில் மண் சேர்ந்து ஆள் இறக்கி அள்ளும் வேலை பல வருடங்களுக்கு வராது. பம்பையும் வால்வையும் மேலேயே பொருத்தினால், அல்லது சங்கிலியில் மேலே தூக்கும்படி வைத்தால், பழுது வெளியிலேயே பார்க்கலாம். மூடிக்குக் கீழே, பிள்ளை விழ முடியாத நெருக்கத்தில் ஒரு கம்பி வலை நிரந்தரமாக இருக்கட்டும். மூடியைத் திறந்தால் தொட்டியும் திறந்துவிட்டது என்ற நிலையே கூடாது. அப்படியும் உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டிய வேலை வந்தால், தொட்டியைக் காலி செய்து, வெளிக்காற்றை ஊதி நிரப்பி, வாயு அளக்கும் கருவி வைத்துப் பார்த்து, முதுகில் காற்று உருளையும் முகமூடியும் மாட்டிய பயிற்சி பெற்ற ஆள்தான் இறங்க வேண்டும். மேலே கப்பியோடு இரண்டு பேர் நிற்க வேண்டும். இதெல்லாம் நம் தோட்டத்தில் நடக்கிற காரியமா என்றால், நடக்காது. அதனால்தான் உள்ளே இறங்க வேண்டிவரும்படி தொட்டியைக் கட்டாதீர்கள் என்கிறேன்.

மீறி ஒருவர் விழுந்துவிட்டால், கலக்கும் எந்திரத்தை உடனே நிறுத்துங்கள். சத்தம் போட்டு ஆட்களைக் கூட்டுங்கள். ஓடி வருகிற ஒவ்வொருவரையும் இறங்க விடாமல் பிடித்து நிறுத்த ஒரு ஆளை வையுங்கள், ஏனென்றால் நிச்சயம் ஒருவர் பாய்வார். விழுந்தவருக்கு நினைவிருந்தால் கயிற்றையோ ஏணியையோ வெளியிலிருந்தே நீட்டுங்கள். எல்லா மூடிகளையும் திறந்துவிட்டு, தள்ளி வைத்த ப்ளோயரால் உள்ளே காற்றை அடிக்கலாம். தொட்டி வாயில் மோட்டார் வேண்டாம், பொறி பறக்கும். தீயணைப்பு வண்டிக்கு 101, ஆம்புலன்சுக்கு 108. தீயணைப்பு வீரர்களிடம் காற்று உருளை உண்டு. ‘சாணத் தொட்டி, விஷவாயு’ என்று போனிலேயே சொன்னால் அதோடு வருவார்கள். பதற்றத்தில் தோட்டத்துக்கு வழி சொல்ல யாருக்கும் வாய் வராது. எனவே இன்றைக்கே தொட்டிச் சுவரில் 101 என்று பெயின்டில் பெரிதாக எழுதி, மெயின் ரோட்டில் எந்த மைல்கல்லுக்குப் பக்கத்தில், எந்தக் கோயிலை ஒட்டித் திரும்ப வேண்டும் என்பதையும் அதற்குக் கீழேயே எழுதிவையுங்கள்.