"இலவச டிக்கெட்" ஆசை காட்டும் அட்டை! ரூ.100 பாயிண்டுக்கு ரூ.1,770 தண்டம்! லாங் பஜார் கணக்குப்பிள்ளைக்குக் கிடைத்த பாடம்

வேலூர்,—

"ஒரே ஒரு கையெழுத்து சார். கடையில சாமான் வாங்குனா பாயிண்டு ஏறும். பாயிண்டு சேர்ந்தா பிளேன் டிக்கெட் இலவசம்!"

இப்படிச் சொல்லி கிரெடிட் கார்டு விற்க வருகிறவர்கள், வேலூர் லாங் பஜாரையும் விட்டு வைக்கவில்லை. மூட்டை இறக்கும் சத்தத்துக்கும் தள்ளுவண்டி நெரிசலுக்கும் நடுவே, கல்லாப்பெட்டி ஓரமாக நின்று பேசிக் கையெழுத்து வாங்கி விடுகிறார்கள்.

அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர், ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை. வயது 52. மகளைப் பெங்களூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார். மாதம் ஒரு தடவை காட்பாடியில் பிருந்தாவன் எக்ஸ்பிரசைப் பிடித்து, இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து போய் வருவார்.

அவர் வாங்கியதோ விமானப் பாயிண்டு கார்டு!

"ரெயில் டிக்கெட்டுக்கும் பாயிண்டு உண்டுன்னு நெனச்சேன். விமான டிக்கெட் எடுத்தாத்தான் பெரிய பாயிண்டாம். நான் பொறந்ததுல இருந்து ஏரோப்ளேன் ஏறுனதே இல்லீங்க" என்கிறார் அவர்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்து வந்ததுதான் வினை.

கல்யாணச் செலவு

தம்பி மகள் கல்யாணத்துக்கு அந்தக் கார்டில் ரூ.40 ஆயிரத்துக்குப் பட்டும் பாத்திரமும் வாங்கினார். மாதச் சீட்டு வந்தது. "குறைந்தபட்சம் கட்ட வேண்டியது ரூ.2 ஆயிரம்" என்று அதில் போட்டிருந்தது. "அடடே, சுலபத் தவணை!" என்று நினைத்து, அதை மட்டும் கட்டினார்.

கணக்கு எழுதியே தலை நரைத்த மனிதர், இந்தக் கணக்கில் சறுக்கி விட்டார்.

மாதம் 3.75 சதவீத வட்டி. ரூ.40 ஆயிரம் பாக்கி ஒரு மாதம் நின்றால் வட்டி ரூ.1,500. வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.270. ஆக மொத்தம் ரூ.1,770! கட்டுகிற 2 ஆயிரத்தில் அசலுக்குப் போவது வெறும் 230 ரூபாய்தான்.

கிடைத்த பாயிண்டு? 100 ரூபாய்க்கு ஒன்று வீதம் 400. ஒரு பாயிண்டின் மதிப்பு 25 காசு. மொத்தம் ரூ.100!

பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் சாமானுக்கும் வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடும். இதையும் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"மீட்டர் வட்டிக்கு வாங்கினவனைப் பார்த்துச் சிரிச்சிருக்கேன். இப்ப என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க."

வட்டிக்கு வரம்பு உண்டா?

ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வாணிபம் என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. அந்த உத்தரவை 2024 டிசம்பர் 20-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்து விட்டது. மாதம் 3.75 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 45 சதவீதம். எனவே காவல் கார்டு வைத்திருப்பவர் கையில்தான்.

முழுப் பாக்கியையும் தேதிக்குள் கட்டுகிறவருக்கு வட்டியே கிடையாது. மாதச் சீட்டு 15-ந்தேதி வருகிறது, கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 5-ந்தேதி என்று வைத்துக் கொள்ளலாம். ஜூன் 16-ல் வாங்கிய சாமானுக்கு ஆகஸ்டு 5 வரை 50 நாள் தவணை. ஜூன் 14-ல் வாங்கினால் ஜூலை 5-லேயே கட்ட வேண்டும். 21 நாள்தான்!

சரக்கு எடுத்து வாய்தா சொல்லிப் பழகிய பஜார்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும்.

அட்டை வந்த கதை

1950-ல் நியூயார்க்கில் "டைனர்ஸ் கிளப்" அட்டை பிறந்தது. ஓட்டலில் சாப்பிட்டு விட்டுக் கணக்கில் எழுதத்தான் அது. 1961-ல் இந்தியாவுக்கு வந்தது. 1980-ல் சென்டிரல் பாங்க் ஆப் இந்தியா தன் சொந்தக் கார்டை வெளியிட்டது. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறக்கும் மைலுக்கு மைல் இலவசப் பயணம் என்று தொடங்கியது. இந்த இரண்டும் கைகோத்ததில் பிறந்ததுதான் இன்றைய பயணப் பாயிண்டு கார்டு.

யாருக்கு எது?

முதலில் பார்க்க வேண்டியது கார்டை அல்ல, சொந்தப் பயணத்தை. கடந்த ஓராண்டில் எத்தனை தடவை ரெயில், எத்தனை தடவை பஸ், எத்தனை தடவை விமானம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்து விடும்.

ரெயிலில் போகிறவர்களுக்கு ஐ.ஆர்.சி.டி.சி.யும் ஸ்டேட் பாங்க் கார்டு கம்பெனியும் சேர்ந்து வெளியிட்ட கார்டு உண்டு. அதன் ரூபே கார்டு 2020 ஜூலை 28-ந்தேதி வெளியிடப்பட்டது. முதல் வகுப்பு, இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏ.சி., சேர் கார் டிக்கெட்டுகளுக்கு 10 சதவீதம் வரை பாயிண்டாகத் திரும்பும் என்று அறிவித்தார்கள். காட்பாடியில் நின்று போகும் சென்னை–மைசூரு வந்தே பாரத்தில் சேர் காரில் போகிறவருக்கு இந்த வகைக் கார்டு கைகொடுக்கும். சீசன் டிக்கெட்காரருக்கும் சாதா பெட்டியில் போகிறவருக்கும் இந்த 10 சதவீதக் கணக்கு பொருந்தாது.

அடுத்தது ஆண்டுக் கட்டணம். ரூ.500 கட்டணம் என்றால் ஜி.எஸ்.டி.யுடன் ரூ.590. நூற்றுக்கு ஒரு ரூபாய் திரும்புகிற கார்டில், கட்டணத்தை ஈடுகட்டவே ஆண்டுக்கு ரூ.59 ஆயிரம் செலவு செய்ய வேண்டும். மாதம் சுமார் 5 ஆயிரம். அதற்கு மேல் செலவானால்தான் லாபம். ரூ.3 ஆயிரம் கட்டணக் கார்டு என்றால் ஜி.எஸ்.டி. சேர்த்து ரூ.3,540. நூற்றுக்கு 2 ரூபாய் திரும்பினாலும் ரூ.1 லட்சத்து 77 ஆயிரம் செலவழிக்க வேண்டும்!

புதிதாக வாங்குகிறவர், கட்டணமே இல்லாத சாதாரண கார்டில் தொடங்கி, ஓராண்டு தேதி தவறாமல் கட்டிப் பழகுவதே நல்லது. சம்பளச் சீட்டு இல்லாத சிறு கடைக்காரர்களுக்கு, பிக்சட் டெபாசிட்டை ஈடாக வைத்துக் கொண்டு கார்டு தரும் வங்கிகளும் உண்டு.

மற்றபடி வாடகை, பெட்ரோல், இன்சூரன்ஸ் செலவுகளுக்குப் பல கார்டுகளில் பாயிண்டே கிடையாது. விமான நிலைய ஓய்வறையில் ஓசிச் சாப்பாடு என்பார்கள். அதற்கும் "முன்பு இவ்வளவு செலவு செய்திருக்க வேண்டும்" என்று பல வங்கிகள் நிபந்தனை வைத்து விட்டன. கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுத்தாலோ, எடுத்த நாளே வட்டி தொடங்கி விடும்.

மிலான் போகும் ஆம்பூர்க்காரர்

தோல் வியாபாரிகள் கதை வேறு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் இருந்து இத்தாலி மிலான் கண்காட்சிக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே கார்டைத் தேய்த்தால், அன்னியச் செலாவணிக் கூடுதல் என்று 3.5 சதவீதம் வரை பிடிப்பார்கள். லட்ச ரூபாய்க்கு ரூ.3,500. ஜி.எஸ்.டி. ரூ.630. மொத்தம் ரூ.4,130!

"ரெண்டு பர்சென்ட் பாயிண்டு குடுத்துட்டு நாலு பர்சென்ட் எடுத்துக்கிறான். இதுல எங்க லாபம்?" என்று கேட்கிறார் ஆம்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் பாய் ஒருவர். இந்தக் கூடுதல் குறைவாகவோ, அறவே இல்லாமலோ இருக்கும் கார்டுகளும் உண்டு. வெளிநாடு போகிறவர்கள் கேட்க வேண்டியது அதைத்தான்.

பாயிண்டு பணம் அல்ல

சேர்த்து வைத்தால் பெருகும் என்று பாயிண்டைப் பூட்டி வைப்பதும் தப்பு. கிங்பிஷர் விமானங்கள் 2012-ல் நின்றன. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ந்தேதியோடு பறப்பதை நிறுத்தியது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தது; பாயிண்டுக் கணக்கும் அங்கே மாறியது. பாயிண்டின் மதிப்பைக் குறைக்கவும், காலக்கெடு வைக்கவும் கார்டு கொடுத்தவருக்கு இடம் உண்டு. கிடைத்ததைக் கிடைத்த ஆண்டே செலவழிப்பதே புத்திசாலித்தனம்.

"உங்கள் பாயிண்டு இன்று இரவோடு காலாவதி" என்று செல்போனில் செய்தி வந்தால் உஷார்! இது மோசடிக் கும்பலின் வேலையாக இருக்கலாம். ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது. ஏமாந்து விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

ரிசர்வ் வங்கி விதி

2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிகள் வாடிக்கையாளர் பக்கம் நிற்கின்றன. கேட்காமல் கார்டு கொடுக்கக் கூடாது. விண்ணப்பத்தோடு வட்டி, கட்டண விவரங்களை ஒரே பக்கத்தில் அச்சிட்டுத் தர வேண்டும். கடைசித் தேதிக்குப் பிறகு 3 நாளுக்கு மேல் தாண்டினால்தான் தாமதக் கட்டணம். பாக்கி இல்லாத கார்டை ரத்து செய்யச் சொன்னால் 7 வேலை நாளில் ரத்து செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.500 வீதம் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை அதைத்தான் செய்தார். சீட்டு எடுத்து மொத்தப் பாக்கியையும் அடைத்தார். கார்டை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தார். 5-வது நாளே ரத்தானது.

இப்போதும் மாதம் தவறாமல் பெங்களூர் போகிறார். அதே பிருந்தாவன். அதே இரண்டாம் வகுப்பு.

"டிக்கெட்டு கைக்காசுதான். ஆனா ராத்திரி தூக்கம் வருது" என்கிறார்.