விடியுமுன் ஓடும் பால்

அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1910-இல் சுமார் 69,000 பேர் இருந்தார்கள். 1920-இல் 2,08,000 பேர். கார் டயர் செய்யும் ஆலைகளுக்காக மேற்கு வர்ஜீனியாவிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் வந்து குவிந்த கூட்டம் அது. டயருக்கு வேண்டிய ரப்பருக்காக இன்னொரு கூட்டம் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மலாயாவில், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆலைக்கு ஆள் வேண்டும், சரி. மரத்துக்கு எதற்கு இத்தனை பேர்?

ரப்பர் மரத்தின் பால், பட்டையின் உட்புற நுண்குழல்களில் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவில் இலைகள் நீரை அதிகம் ஆவியாக்காததால் குழல்கள் விம்மிக் கிடக்கும். அந்த நேரம் சீவினால் பால் வழிந்தோடும். வெயில் ஏறினால் அழுத்தம் தளரும்; வெட்டுவாயில் ரப்பர் துகள்கள் திரண்டு குழல்முனைகளை அடைக்க, மங்கில், அதாவது பால் ஏந்தும் கிண்ணத்தில், சொட்டுவது நின்றுவிடும். தோட்டத்து ஆட்கள் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, போய் நின்றதற்குத் தோட்ட மேலாளரான துரையின் கெடுபிடி மட்டுமல்ல, மரமும் காரணம்.

கத்தி மேலோட்டமாகப் போனால் குழல் அறுபடாது. ஆழமாகப் போனால் மரத்தைப் பருக்கவைக்கும் மெல்லிய திசு புண்ணாகி, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பழைய வெட்டின் ஓரத்தையே மெல்லிசாகச் சீவுவதுதான் வழி என்று காட்டியவர் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் ரிட்லி. அந்த நிதானம் கைக்குத்தான் வரும்; ஓர் ஆளால் விடியற்காலையில் சில நூறு மரங்களுக்கு மேல் முடியாது. ஆகவே ஆளை மரத்தருகே, லயம் எனப்படும் வரிசை வீடுகளிலேயே குடிவைத்தார்கள்.

அவர்களைக் கொண்டுவரும் செலவு யாருடையது? ஒரு தோட்டம் கப்பல் கட்டணம் கொடுத்து அழைத்துவர, பக்கத்துத் தோட்டம் கூடுதல் கூலி காட்டி இழுத்துக்கொள்ளும். 1907-இல் வந்தது தமிழர் குடியேற்ற நிதி. எத்தனை பேரை வேலைக்கு வைத்திருக்கிறாரோ அந்தக் கணக்கில் ஒவ்வொரு முதலாளியும் பணம் கட்ட, ஆள் சேர்க்கும் கங்காணி தன் ஊரில் சேர்த்த ஆட்களுக்கு அதிலிருந்து பயணச்செலவு போனது. காலனி நிர்வாகம் செய்தவற்றிலேயே சாமர்த்தியமானது இது என்பேன்: வந்தவர் தலையில் கடன் இல்லை, ஆனால் ஆள்வரத்து ஓயாததால் கூலியும் ஏறவில்லை.



1941-இல் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் இந்தியர் சங்கத்தின் வழியில் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் செத்தார்கள்.

பிறகு ரப்பருக்குப் பதில் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை வந்தது. அதன் குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கொரு முறை அறுத்தால் போதும், விடியலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆளும் குறைவு. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் அப்புறம் வீட்டுமனைகளாயின. லயங்களில் பிறந்தவர்கள் நகர ஓரத்துப் பலகை வீடுகளுக்கும், பின்னர் அடுக்குமாடிகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.