வீட்டுக்காரரே கொத்தனார், வீட்டுக்காரரே எலக்ட்ரீஷியன்!



எதிரணியிலே பேசின தம்பி ஒரு கேள்வி கேட்டுட்டுப் போனார். "அவர் வீடு, அவர் சுத்தியல், அவரே ஆணி அடிச்சா உங்களுக்கு என்னய்யா?" ரொம்ப நியாயமான கேள்வி. ஆணி அடிக்கட்டும். நான் வேண்டாம்னு சொல்லலே. ஆனா அந்தச் சுவத்துக்குள்ளே ஒயர் போகுதா இல்லையான்னு பார்த்துட்டு அடிக்கணுமா வேண்டாமா? (சிரிப்பு)

1995-ல் எனக்குப் புதுசா வேலை, புதுசாக் கல்யாணம். திருத்தணிக்குப் பக்கத்திலே ஆர்.கே.பேட்டையில் குடியிருந்தோம். ராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்பது முழுப்பெயர். ஆந்திரா கூப்பிடு தூரம். அந்த வட்டாரமே 1960 வரைக்கும் சித்தூர் மாவட்டத்தில் இருந்ததுதான். தெருவுக்குள்ளே நுழைஞ்சா தறிச் சத்தம். பாதிப் பேச்சு தமிழ், பாதிப் பேச்சு தெலுங்கு. எங்க வீட்டுக்காரருக்கு அறுபது வயசிருக்கும். தங்கமான மனுஷன். எதைச் சொன்னாலும், "ஏமீ காது சார், நானே பார்த்துக்கிறேன்" என்பார். ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தம். அவர் அப்படிச் சொல்லிட்டாலே என் வீட்டம்மாவுக்குக் கை காலெல்லாம் நடுங்கும். (சிரிப்பு)

குளியலறை லைட் எரியலே. அவரே வந்தார், ஒயரை முறுக்கினார், பாலிதீன் பையைக் கிழிச்சுச் சுத்தினார். லைட் எரிஞ்சது! மறுநாள் என் மனைவி குழாயைத் தொட்டாங்க, சுரீர்னு ஷாக். அவர்கிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சொன்ன வைத்தியம், "அம்மாவைச் செருப்புப் போட்டுக்கிட்டுக் குளிக்கச் சொல்லுங்க சார்." (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறோம். ஆனா விஷயம் உயிர் விஷயம். மின்சாரத்திலே ஃபேஸ், நியூட்ரல்னு ரெண்டு கம்பி. ஸ்விட்ச் ஃபேஸ் கம்பியிலேதான் இருக்கணும். தெரியாதவர் நியூட்ரலில் மாட்டிட்டா அப்பவும் லைட் எரியும், அணையும். ஆனா அணைச்ச பிறகும் ஹோல்டருக்குள்ளே கரண்ட் காத்துக்கிட்டு இருக்கும். பல்பு மாத்தப் போறவன் கதி என்ன? தோல் உரிஞ்ச கம்பி இரும்புக் குழாயிலே பட்டா குழாய் முழுக்கக் கரண்ட். அப்ப ஃபியூஸ் போகாதான்னு கேப்பீங்க. போகாது. ஆளைக் கொல்ல வேண்டிய கரண்ட் ரொம்பக் கொஞ்சம், ஃபியூஸ் உருகறதுக்கு அது போதாது. அதனாலேதான் ஒழுங்கான எர்த், கூடவே 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே தட்டிவிடுகிற சாதனம், இரண்டும் வேணும்கிறது. பாலிதீன் பைக்கு இதெல்லாம் தெரியுமா?

சட்டம் என்ன சொல்லுது? வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கும் பொறுப்புகளுக்கும் தமிழ்நாட்டிலே 2017-ல் ஒரு சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரியிலே நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதிலே ஒரு பட்டியல் இருக்கு. கட்டடத்தின் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாத்துறது, ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, உடைஞ்ச ஜன்னல் கண்ணாடி நம்ம பொறுப்பு. வேலைக்காக வீட்டுக்குள்ளே வரணும்னா 24 மணி நேரம் முன்னாடி எழுத்திலே சொல்லணும். அவர் செய்ய மறுத்தா நாம செய்துவிட்டு வாடகையிலே கழிக்கலாம். இது நகர்ப்புறத்துக்கான சட்டம். கிராமத்துக்காரங்க அந்தப் பட்டியலைப் பார்த்து ஒப்பந்தத்திலேயே எழுதி வச்சுக்கலாம், யார் தடுக்கிறா?

ஒண்ணு கவனிங்க. பழுதுபார்க்கிறது அவர் பொறுப்புன்னுதான் சட்டம் சொல்லுது. அவர் கையாலேயே செய்யணும்னு எந்த வரியிலேயும் இல்லே! (கைதட்டல்)

எங்களுக்குப் பக்கத்துப் போர்ஷனில் ஒரு நெசவாளர் குடும்பம். கூடத்திலே குழித்தறி. மேலே மெட்ராஸ் டெரஸ். மர உத்திரம், அதன்மேல் குத்துக்கல்லாக அடுக்கிய செங்கல், அதுக்கு மேலே சுண்ணாம்பு ஜல்லி. மழைக்கு ஒழுகினது. நம்ம வீட்டுக்காரர் என்ன செய்தார்? அரை மூட்டை சிமெண்ட்டைக் குழைச்சு அவரே பூசிட்டார். ஒரு மழை தாங்கிச்சு. சுண்ணாம்பு வெயிலுக்கும் குளிருக்கும் கொஞ்சம் நெகிழும், ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் ரெண்டும் செய்யாது. வெடிச்சது. வெடிப்பு வழியா உள்ளே போன தண்ணி வெளியே வர வழியில்லாம உத்திரத்திலே இறங்கிச்சு. மரம் உளுத்துப் போச்சு.

ஐப்பசி மாசம் ஒரு ராத்திரி, காரையோடு தண்ணி கொட்டினது எங்கே தெரியுமா? தறியிலே பூட்டியிருந்த பாவு மேலே. அந்தம்மா அழவே இல்லே. இழையை ஒண்ணொண்ணாத் தொட்டுப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. அந்தப் பாவுதான் அந்த மாசத்துச் சோறு.

நான் கோபமாப் போய்க் கேட்டேன். பெரியவர் தலை குனிஞ்சுட்டார். "அவங்க வாடகை நூத்தியம்பது ரூபா சார். கொத்தனாரும் சித்தாளும் நாலு நாள் வந்தா மூணு மாச வாடகை போயிடும். எனக்கும் இதுதான் வருமானம்" என்றார். எனக்குப் பேச்சு வரலே. அவரும் கஞ்சத்தனத்திலே செய்யலே. வாடகை கொடுக்கிறவனும் ஏழை, வாங்கறவனும் ஏழை. அந்த இடத்திலேதான் இந்தப் பாலிதீன் பையும் அரை மூட்டை சிமெண்ட்டும் உள்ளே வருது. எதிரணித் தம்பி இதைச் சொல்லியிருந்தா நான் பாதி தோத்திருப்பேன். சொல்லலியே! (சிரிப்பு)

கடைசியிலே மூணு குடித்தனமும் ரெண்டு மாச வாடகையை முன்கூட்டியே கொடுத்தோம். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச வயசான கொத்தனார் ஒருத்தரைப் பிடிச்சோம். அவர் முதல்லே சிமெண்ட்டைச் சுரண்டி எடுத்தார். உளுத்த உத்திரங்களை மாத்தினார். சுண்ணாம்பு ஜல்லி போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுக் கட்டையாலே அடிக்கணும், நாள்கணக்கிலே அடிக்கணும். சித்தாள் கூலி மிச்சம் பிடிக்க அந்தக் கட்டையை யார் கையிலே கொடுத்தார்? நம்ம வீட்டுக்காரர் கையிலே! மனுஷன் தலையிலே துண்டைக் கட்டிக்கிட்டு அடிச்சார் பாருங்க, தெருவிலே தறிச் சத்தம் தோத்துப் போச்சு.

மூணாம் நாள் மொட்டை மாடியிலிருந்து என்னைப் பார்த்துச் சத்தமாக் கேட்டார். "சார், இது முடிஞ்சதும் உங்க குளியலறை லைட்டை ஒரு கை பார்த்துடட்டுமா?"

"ஐயா, எலக்ட்ரீஷியன் நாளைக்கு வர்றார். நீங்க அங்கேயே அடிங்க!" (பலத்த சிரிப்பு, கைதட்டல்)