தத்தளித்தோர் நடுவே வெடித்த குண்டுகள்

இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்த ‘கெதீவ் இஸ்மாயில்’ என்ற கப்பல், 1944 பெப்ரவரி 12 ஆம் திகதி மாலைதீவுக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றினால் மூழ்கடிக்கப்பட்டது. அதிலிருந்த 1511 பேரில் 1297 பேர் மாண்டனர். நமது துறைமுகத்தை வந்தடைந்திருக்க வேண்டிய இக்கப்பலின் முடிவு, யுத்தம் பற்றிய கடினமானதொரு கேள்வியை எழுப்பிச் சென்றுள்ளது.

1922 இல் பயணிகள் கப்பலாகக் கட்டப்பட்ட இது, பின்னர் எகிப்திய நிறுவனமொன்றின் உடைமையாகி, அந்நாட்டை ஆண்ட இஸ்மாயிலின் பெயரைப் பெற்றது. 1940 இல் பிரித்தானியா இதனைப் படையினரை ஏற்றிச் செல்லும் கப்பலாக்கியது. மொம்பாசாவிலிருந்து யுத்தக் கப்பல்களின் காவலுடன் புறப்பட்ட ஐந்து கப்பல்களுள் இதுவும் ஒன்று. இதில் கிழக்காபிரிக்கப் பீரங்கிப் படையினரே பெருந்தொகையினர், தாதியரும் இருந்தனர். ‘ஐ-27’ நீர்மூழ்கி ஏவிய டோர்பிடோக்கள் தாக்கி இரண்டு நிமிடங்களுக்குள் கப்பல் மறைந்தது.

உயிர் தப்பியோர் நீரில் தத்தளித்தனர். நீர்மூழ்கியோ அவர்களுக்குக் கீழேயே பதுங்கியிருந்தது. ‘பலடின்’ என்ற நாசகாரிக் கப்பல் மீட்புப் படகுகளை இறக்க, ‘பெட்டார்ட்’ என்ற மற்றைய நாசகாரி, நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகளை வீசியது. காப்பாற்றப்பட வேண்டியவர்களில் சிலரும் அவ்வெடிப்புகளில் மடிந்தனர். இறுதியில் பெட்டார்ட்டின் டோர்பிடோ நீர்மூழ்கியை அழித்தது.

சட்டம் இங்கு என்ன கூறுகின்றது? பயணிகளையும் மாலுமிகளையும் பாதுகாப்பான இடத்தில் சேர்க்காமல் வணிகக் கப்பலை மூழ்கடிக்கலாகாது என்பது 1936 ஆம் ஆண்டின் இலண்டன் உடன்படிக்கையின் விதி. யுத்தக் கப்பல்களின் காவலுடன் படையினரை ஏற்றிச் செல்லும் கப்பலுக்கு அப்பாதுகாப்பு இல்லை. 1949 ஆம் ஆண்டின் இரண்டாவது ஜெனீவா சமவாயம், கப்பல் மூழ்கித் தத்தளிக்கும் படையினரை மதித்துக் காக்க வேண்டுமென்கிறது. எனினும், அவர்களைத் தேடி மீட்கும் கடமையை அது மோதலுக்குப் பிந்தியதாகவே வைக்கின்றது. இங்கோ மோதல் முடிந்திருக்கவில்லை.

நீர்மூழ்கியைத் தப்பவிட்டிருந்தால் எஞ்சிய நான்கு கப்பல்களும் ஆபத்துக்குள்ளாகியிருக்கலாம். ஆகவே, குண்டு வீசக் கட்டளையிட்டவரைக் கொடியவரெனத் தீர்ப்பளிப்பது எளிதன்று. அதேவேளை, நீரில் கைநீட்டி நின்றவனுக்கு இந்த நியாயம் எதுவும் ஆறுதலாகாது. எவரும் விரும்பாத கொலையையும் தவிர்க்கவியலாததாக்கி விடுவதே யுத்தத்தின் மிகப் பெரிய குற்றமாகும்.