பரணில் கிடக்கும் இரும்புத் தொப்பி: புதுப்பிப்பதா, பாதுகாப்பதா?

நம் கொச்சித் தமிழ்க் குடும்பங்களில் சிலரது வீட்டுப் பரணிலோ, பழைய டிரங்குப் பெட்டியிலோ ஒரு இரும்புத் தொப்பி இருப்பதுண்டு. வீட்டுத் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்கோ மத்திய கிழக்குக்கோ போய்த் திரும்பியவராக இருப்பார். அல்லது போர்க்காலத்தில் கொச்சித் துறைமுகத்தில் வேலை பார்த்து, விமானத் தாக்குதல் எச்சரிக்கைப் பணியில் இருந்தவராக இருப்பார். வீடு மாறும்போதும் வெள்ளையடிக்கும்போதும் அந்தத் தொப்பி வெளியே வரும். அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். ஆக்ரிக்காரரின் சாக்குக்குள் போகும்; அல்லது உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று பச்சைப் பெயிண்ட் அடித்து ஷோகேஸில் ஏறும்.

இரண்டாவது காரியம் நல்ல மனத்தோடு செய்யப்படுவது. ஆனாலும் பொருளின் பக்கமிருந்து பார்த்தால், இரண்டுக்கும் நாம் நினைக்கும் அளவு வித்தியாசம் இல்லை. இரும்போடும் துருவோடும் இரயில்வேயில் காலம் தள்ளியவன் என்ற முறையில், இதைப் பற்றிச் சில விவரங்களை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இந்தத் தொப்பி பிறந்த கதை

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியபோது, படைவீரர்கள் துணித் தொப்பியோடுதான் களத்துக்குப் போனார்கள். பதுங்கு குழியில் நிற்பவன் தலைமேல் வானத்திலிருந்து குண்டுச் சிதறல்கள் விழுந்தன. தலைக்காயத்தால் ஏராளமானோர் மாண்டார்கள். 1915-ல் பிரெஞ்சுப் படை எஃகுத் தலைக்கவசத்தை அறிமுகம் செய்தது. அதே ஆண்டு ஜான் லியோபோல்ட் பிராடி என்பவர் பிரிட்டனில் தம் வடிவமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். கவிழ்த்து வைத்த தாம்பாளம் போன்ற அகன்ற விளிம்புள்ள தொப்பி அது. மேலிருந்து விழும் சிதறலைத் தடுப்பதே அதன் முதல் வேலை. ஒரே தகட்டை அச்சில் வைத்து அழுத்திச் செய்துவிடலாம் என்பது இன்னொரு வசதி.

முதலில் சாதாரண எஃகில் செய்தார்கள். ஷெஃபீல்டு நகரத்து உலோக அறிஞர் ராபர்ட் ஹேட்ஃபீல்டு சொன்ன யோசனையின் பேரில் மாங்கனீஸ் எஃகுக்கு மாறினார்கள். பன்னிரண்டு சதவீதம் அளவில் மாங்கனீஸ் கலந்த இந்த எஃகை அவர் 1882-ல் கண்டுபிடித்திருந்தார். இரயில்வேக்காரர்களுக்கு இது பழைய சினேகிதன். தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் 'கிராஸிங்' என்ற இடத்தில் நாங்கள் போடுவது இதே மாங்கனீஸ் எஃகு வார்ப்புதான். சக்கரம் அடிக்க அடிக்க அதன் மேற்பரப்பு இறுகிக் கடினமாகும். உள்ளே உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். சிதறல் வந்து மோதும்போது தலைக்கவசமும் அதையே செய்கிறது. இரண்டாம் உலகப் போரில் நம் வீரர்கள் அணிந்த 'மார்க் 2' வகையும் ஏறக்குறைய இதே வடிவம்தான்; உள் மெத்தையும் வாரும் மாறின.

இந்த உலோகத்தின் மூன்று குணங்களை நினைவில் வையுங்கள். ஒன்று, காந்தம் இதில் ஒட்டாது. ஆனால் ஒட்டினால் உடனே போலி என்று தீர்மானிக்க வேண்டாம். குடிமக்கள் பாதுகாப்புக்காகச் சாதாரண எஃகில் செய்தவையும் உண்டு. இரண்டு, தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதில் துரு ஒரு பங்கைத் தின்றபின், நாம் தேய்ப்பதற்கு அதிகம் மிச்சமில்லை. மூன்று, சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் மாங்கனீஸ் எஃகு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். ஆகவே ஒடுக்கெடுக்கிறேன், ஓட்டை அடைக்கிறேன் என்று யாராவது கேஸ் வெல்டிங் விளக்கைக் கொண்டுவந்தால், தொப்பியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

செய்தி எங்கே எழுதியிருக்கிறது?

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா இரும்புத் தொப்பியும் ஒன்றுதான். இது நம் தாத்தாவுடையது என்று சொல்லும் அடையாளங்கள் மூன்று இடங்களில் இருக்கும்.

முதலாவது, விளிம்பின் அடிப்பக்கம். வார் பொருந்தும் இடத்தருகே செய்தவரின் குறியும் ஆண்டும் முத்திரையாகக் குத்தியிருக்கும். துருவோடு சேர்ந்து இந்த எழுத்து மங்கியிருக்கும். பலமாகத் தேய்த்தால் அதோடு போய்விடும்.

இரண்டாவது, உள் மெத்தையும் வாரும். தோல், துணி, ரப்பர் இவற்றில் அளவு, ஆண்டு அச்சாகியிருக்கும். பேனாவாலோ பெயிண்டாலோ வீரரின் பெயரும் படை எண்ணும் எழுதியிருப்பதுண்டு. அந்த எண் சாதாரணமானதல்ல. பெயர் ஒன்றாக ஆயிரம் பேர் இருப்பார்கள். எண் ஒருவருக்கே உரியது. தாத்தா மதராஸ் ரெஜிமென்டில் இருந்திருந்தால், நீலகிரி வெலிங்டனிலுள்ள அந்த ரெஜிமென்ட் மையத்துக்கு எழுதும்போது முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான். போரில் மாண்டவராக இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடவும் அது உதவும்.

மூன்றாவது, பெயிண்ட். ஒளி பட்டு மின்னாமல் இருக்க, மணலோ மரத்தூளோ கலந்து சொரசொரப்பாகப் பூசினார்கள். பாலைவனத்துக்குப் போனபோது மணல் நிறம், காட்டுக்குப் போனபோது பச்சை என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசியதும் உண்டு. உரிந்த இடத்தில் இந்த அடுக்குகளைக் காணலாம். எங்கெங்கே போனார் என்பதற்குத் தாத்தா சொல்லாமல் விட்ட விவரம் சில சமயம் அங்கே இருக்கும்.

தோப்பும்படி பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பெயர் வேண்டாம். பேரன் ஆசையாகத் தொப்பியைப் பெயிண்ட் பட்டறையில் கொடுத்தான். மணலடித்துச் சுத்தம் செய்து, உள்ளும் புறமும் புதுப் பூச்சு பூசி, கிழிந்த மெத்தையைத் தூர எறிந்துவிட்டு, 'புத்தம் புதுசு' போலத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு தாத்தாவின் படை எண் தேவைப்பட்டது. அது அந்த மெத்தையில் இருந்தது. வீட்டில் வேறு ஒரு காகிதமும் இல்லை. பட்டறைக்காரர் மீது குற்றமில்லை. கேட்ட வேலையைச் செய்தார்.

நம் யூதத் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்க்கிறோம். புதிதாகச் செய்த பித்தளைச் சாமானைப் பழையதுபோல் ஆக்கி வைப்பது அந்த வியாபார உலகில் எங்கும் நடப்பது. பழைமைக்கு அவ்வளவு விலை இருக்கும்போது, வீட்டில் இருக்கும் உண்மையான பழையதை நாம் காசு கொடுத்துப் புதியதாக்குகிறோம்!

எஞ்சினுக்கு ஒரு நியாயம், தொப்பிக்கு ஒரு நியாயம்

"அப்படியானால் எதையுமே புதுப்பிக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். 'ஃபேரி குயீன்' நீராவி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்டு, கிழக்கிந்திய இரயில்வேயில் உழைத்து, 1909-ல் ஓய்வு பெற்றது. சென்னை பெரம்பூர் லோகோ பணிமனையார் அதற்கு உயிர் கொடுத்தார்கள். 1997-ல் மீண்டும் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது. தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் கைத்திறனுக்கு அது பெருமை.

அங்கே புதுப்பித்தது நியாயம். ஏனென்றால் எஞ்சின் ஓட வேண்டும். நீராவி அழுத்தத்தைத் தாங்க வேண்டும்; பின்னால் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தேய்ந்த பாகத்தைப் பழசு என்று பாசத்தோடு விட்டுவைக்க முடியாது. ஓட்டத்துக்காகக் கொஞ்சம் பழைமையை விலையாகக் கொடுக்கிறோம், தெரிந்தே கொடுக்கிறோம்.

தாத்தாவின் தொப்பி இனி யார் தலையையும் காக்கப் போவதில்லை. அதற்கு மீதமுள்ள ஒரே வேலை, நடந்ததைச் சொல்வது. அந்த வேலைக்குப் புதுப் பெயிண்ட் உதவாது, தடையாகத்தான் இருக்கும். என் கட்சி இவ்வளவுதான்: வேலை செய்ய வேண்டிய பொருளைப் புதுப்பியுங்கள், சாட்சி சொல்ல வேண்டிய பொருளைப் பாதுகாத்து வையுங்கள். புதுப்பிப்பது என்றால் பழைய தோற்றத்தை மறுபடி உண்டாக்குவது. பாதுகாப்பது என்றால் மேலும் கெடாமல் நிறுத்துவது. சேர்த்ததை நாளை எடுக்கலாம். எடுத்ததை நாளை சேர்க்க முடியாது.

இம்பால் அருகே 2019-ல் திறக்கப்பட்ட அமைதி அருங்காட்சியகத்தில், 1944 போரின் நினைவுப் பொருட்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மண்ணுக்கடியில் கிடந்து எடுத்த தொப்பிக்கு அந்தத் துருவே சாட்சி. அதை மழமழவென்று ஆக்கினால், எந்தக் கடையில் வாங்கியது என்றுதான் கேட்பார்கள்.

தஞ்சாவூரில் போனதும், எழும்பூரில் காத்ததும்

அலட்சியம் என்ன செய்யும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே பாடம் உண்டு. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இன்றி மறைந்தபின், அரண்மனையின் ஆயுதசாலை ஆங்கில அரசின் கைக்குப் போனது. தேர்ந்தெடுத்த சில ஆயுதங்கள் சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. மற்றவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி 1878-ல் இதை வருத்தத்தோடு எழுதி வைத்திருக்கிறார். இன்று உலக அருங்காட்சியகங்கள் போற்றும் வேலைப்பாடு அது.

அதே சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-களில் எஸ். பரமசிவன் என்ற வேதியியல் அறிஞர், பழைய செப்புத் திருமேனிகளை மின்னாற்பகுப்பு முறையில் களிம்பிலிருந்து காக்கும் பணியைச் செய்தார். நம் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் பூச்சையும் வண்ணத்தையும் ஆராய்ந்தவரும் அவரே. என்ன பொருள், என்ன கேடு என்று சோதித்துப் பார்த்த பிறகே கைவைப்பது என்ற ஒழுங்கை நம் பக்கத்தில் வளர்த்தவர்களில் அவர் முன்னோடி.

வீட்டில் என்ன செய்யலாம்?

கொச்சியில் நமக்கு எதிரிகள் இரண்டு: உப்புக் காற்று, மழைக்கால ஈரம். காற்றின் ஈரப்பதம் அறுபது சதவீதத்தைத் தாண்டினாலே துரு வேகமெடுக்கும். இங்கே ஆனி, ஆடியில் எண்பதைத் தாண்டுவது சகஜம். ஆகவே:

1. முதலில் புகைப்படம் எடுங்கள். உள், வெளி, விளிம்பு, எழுத்து எல்லாவற்றையும் எடுத்து, யாருடையது, எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். அழுக்கு இருந்தால், பிழிந்த ஈரத் துணியால் இரும்பை மட்டும் துடைத்து உடனே உலர்த்துங்கள். மெத்தையில் தண்ணீர் படக் கூடாது.

3. உப்புத்தாள், கம்பி பிரஷ், புளி, எலுமிச்சை, வினிகர், கடையில் விற்கும் துரு நீக்கி எதுவும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி. இங்கே அமிலம் பெயிண்டையும் இரும்பையும் சேர்த்துத் தின்னும்.

4. தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். நாளடைவில் சிக்குப் பிடித்துத் தூசியை இழுக்கும். பெயிண்ட் போன வெற்று இரும்பில், நிறமற்ற மெழுகை மெல்லிய துணியால் மிக லேசாகப் பூசினால் போதும்.

5. பெயிண்டே இல்லாமல் முழுக்கத் துருவேறிய தொப்பிக்கு டானிக் அமிலக் கரைசல் பூசுவது அருங்காட்சியகங்களில் உள்ள வழக்கம். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை கிடைக்கும் என்பது நம் முன்னோர் அறிந்தது. இதுவும் அதே வினைதான். துரு நீலக்கறுப்பான நிலையான படலமாக மாறும். ஆனால் நிறம் மாறிவிடும் என்பதால், தெரிந்தவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

6. பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், உள்ளே வியர்க்கும். துவைத்து உலர்த்திய பருத்தித் துணியில் சுற்றி, வெளிச்சுவரைத் தொடாத அலமாரியில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். வாரைப் பிடித்து ஆணியில் தொங்கவிட வேண்டாம்.

7. குழந்தைகள் தலையில் மாட்டி விளையாட விடாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். சில மெத்தைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இழையும் கலந்திருக்கக்கூடும். தேய்த்தால் அந்தத் தூள் நம் நுரையீரலுக்குத்தான் போகும்.

இரும்புக்குப் பதில் நெட்டியில் செய்து துணி போர்த்திய பழைய வெள்ளைக்காரத் தொப்பி உங்களிடம் இருந்தால், அதற்குத் தண்ணீரே காட்டக் கூடாது. ஈரமும் பூச்சியும்தான் அதற்கு எமன்.

எப்போது புதுப்பிக்கலாம்?

வார் அறுந்துபோய்த் தொப்பியை நிறுத்த முடியவில்லை என்றால், புது வார் போடலாம். ஆனால் பழையதை உறையில் போட்டு உடன் வையுங்கள், புதியது எது என்று குறித்து வையுங்கள். முன்பே யாரோ மணலடித்து எல்லாம் போய்விட்டது என்றால், இனி இழக்க ஒன்றுமில்லை, விரும்பியபடி பூசிக்கொள்ளலாம். பள்ளி நாடகத்துக்கும் ஊர்வலத்துக்கும் வேண்டுமானால், புதிய மாதிரி ஒன்று செய்துகொள்வதே உத்தமம். முக்கியமான பொருள் என்று சந்தேகம் இருந்தால், எழும்பூர் அருங்காட்சியகத்தின் இரசாயனப் பாதுகாப்புப் பிரிவுக்கோ, லக்னோவில் உள்ள தேசியப் பாதுகாப்பு ஆய்வகத்துக்கோ எழுதிக் கேட்கலாம்.

ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு இந்த விஷயம் கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். பூர்வீக வீடு விற்றுப் போயிருக்கும். பத்திரங்களும் கடிதங்களும் கறையான் தின்றிருக்கும். மூன்றாம் தலைமுறைக்கு மிஞ்சுவது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒன்றிரண்டு சாமான்கள்தான். அவற்றில் ஒன்று இந்த இரும்புத் தொப்பி என்றால், அதன் ஒடுக்கும் கீறலும் மங்கிய எண்ணும் இருந்தபடியே இருக்கட்டும். இந்த மழைக்காலம் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணைத் திறந்து பாருங்கள். உப்புத்தாளை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.