அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் படியுங்கள்

கடன் ஒப்பந்தங்களும் ஆண்டறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்துள்ளன. அவற்றைப் படிக்கும்போது அடைப்புக்குறிக்குள் உள்ளதைக் கடந்து செல்வது நம்மில் பலருக்கும் வழக்கம். ஆங்கில இலக்கணமும் அதற்கு இடம் தருகிறது. பிறை அடைப்புக்குள் வருவது கூடுதல் விளக்கம். அதை நீக்கினாலும் வாக்கியம் நிறைவாக நிற்கும். கட்டுரைக்கும் கடிதத்துக்கும் பொருந்தும் இவ்விதியைப் பணம் சார்ந்த ஆவணங்களில் நம்புவது தகாது. அங்கே அடைப்புக்குறி ஆற்றும் பணிகளுள் நான்கை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

தொகை: கடனுறுதிச் சீட்டில் 'ரூ.50,000 (ரூபாய் ஐம்பதாயிரம் மட்டும்)' என்று எழுதுவது மரபு. எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்திலுள்ள தொகையே செல்லும் என்கிறது 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆவது பிரிவு. இங்கே அடைப்புக்குள் இருப்பதே மேலோங்குகிறது. காசோலையில் இத்தகைய வேறுபாடு இருப்பின், வங்கிகள் பொதுவாக அதைத் திருப்பி அனுப்பிவிடும்.

பெயர்: ஒப்பந்தத்தின் தொடக்கத்தில் ஒருவரது பெயருக்கும் முகவரிக்கும் பின் அடைப்புக்குள் 'பாரோயர்' என்றோ 'கேரண்டார்' என்றோ குறிப்பர். பின்வரும் பக்கங்களில் அச்சொல் அவரையே சுட்டும். உறவினருக்காகக் கையொப்பமிடுபவர் தம் பெயருக்குப் பின் வரும் சொல்லை அவசியம் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாதவரை, பிணையாளியின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு நிகரானது என 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவு கூறுகிறது.

எண்ணிக்கை: 'பாரோயர்' என்ற சொல்லையடுத்து 'எஸ்' என்னும் ஓரெழுத்து மட்டும் அடைப்புக்குள் நின்றால், அச்சொல் ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். கூட்டாகக் கடன் பெற்றோர் அந்நிபந்தனை தமக்கன்று எனக் கருதலாகாது.

கணக்கு: நிறுவனங்களின் நிதி அறிக்கையில் நிகர இலாபம் என்ற வரிக்கு நேரே (12.40) என்றிருந்தால் அது இலாபமன்று, நட்டம். கணக்கியலில் பிறை அடைப்பு கழித்தல் குறியின் இடத்தை வகிக்கிறது. அட்டவணையின் தலைப்பில் '(ரூ. கோடியில்)' என்றிருப்பின், அந்நட்டம் 12 கோடியே 40 இலட்சம் ரூபாய். பங்குகளில் முதலிடுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பகர அடைப்பின் பணி வேறு. பிறர் கூற்றை மேற்கோள் காட்டும்போது, மேற்கோள் காட்டுபவர் சேர்த்த சொல் அதற்குள் வரும். நம் நாட்டுச் சட்ட நூல்களில் திருத்தத்தின் வாயிலாகப் புகுந்த சொற்களையும் பகர அடைப்புக்குள் அச்சிடுவர். திருத்தச் சட்டத்தின் விவரம் அடிக்குறிப்பில் இருக்கும்.

ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுவோர்க்கு ஒரு குறிப்பு: வாக்கியத்தின் ஒரு பகுதி மட்டும் அடைப்புக்குள் இருந்தால் முற்றுப்புள்ளி வெளியே வரும், தனித்து நிற்கும் முழு வாக்கியமும் அடைப்புக்குள் இருந்தால் உள்ளே வரும்.

கையொப்பமிடுமுன் அடைப்புக்குள் உள்ள ஒவ்வொன்றுக்கும் பொருள் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. அதை விளக்குவது கிளையிலுள்ள எங்கள் கடமை.