ஐந்து நாள் பிந்திப் பிறந்த கப்பல்



உக்கடத்துப் பெரியகுளக் கரையில் ஆடி மாத மாலையில் நின்றவர், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றின் வலிமையை அறிவர். தந்தை பணிபுரிந்த பஞ்சாலை மூடப்பட்ட நாளில், அக்கரையில் என் மாணவன் ஒருவன், "ஐயா, கற்ற தொழிலே வேண்டப்படாததானால், கற்றது வீண்தானே?" என்று வினவினான். காற்றையே நம்பி வாழ்ந்த ஒரு கப்பலின் வரலாற்றை அவனுக்கு விடையாகச் சொன்னேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனத் தேயிலைக்கு இலண்டனில் பெருமதிப்பு இருந்தது. பருவத்தின் முதல் தேயிலை மிகுந்த விலை பெற்றமையால், முந்திச் சேரும் கப்பலுக்கே ஆதாயம் மிகுதி. இத்தேவையே 'கிளிப்பர்' என்னும் விரைவுப் பாய்க்கப்பல்களை வளர்த்தது. ஒடுங்கிய உடலும், நீரைக் கிழிக்கும் கூரிய முகப்பும், உயர்ந்த பாய்மரங்களும் அவற்றின் இயல்புகள்.

அவற்றுள் புகழ்பெற்றது 'கட்டி சார்க்'. ஜான் வில்லிஸ் என்பாருக்காக ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் கட்டப்பெற்று, 1869 நவம்பர் 22-இல் நீரில் இறக்கப்பட்டது. இரும்புச் சட்டங்களின்மீது மரப்பலகைகள் பொருத்தப்பட்டிருந்தன. நீர்மட்டத்திற்கு மேற்பட்டவை தேக்கு. மணிக்குப் பதினேழு கடல் மைலுக்கு மேலும் அது விரைய வல்லது.

ஆயின், அதற்கு ஐந்து நாள் முன்னரே, நவம்பர் 17-இல், சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டுவிட்டது! நீராவிக் கப்பல்கள் அக்குறுக்கு வழியே சென்றன. செங்கடலின் காற்று ஒத்துவராமையால், பாய்க்கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றியே செல்ல நேர்ந்தது.

1872-இல் ஷாங்காயிலிருந்து 'தெர்மாப்பிலி' என்னும் கப்பலோடு கட்டி சார்க் போட்டியிட்டது. முந்திச் செல்கையில், தென்னாப்பிரிக்காவுக்கு அருகே புயலில் சுக்கான் முறிந்தது. தலைவர் மூடி துறைமுகத்தில் ஒதுங்க மறுத்தார். ஆடும் தளத்திலேயே உலை மூட்டிப் புதுச் சுக்கான் செய்தனர். இலண்டனை ஒரு வாரம் பிந்தியே அடைந்தனர். எனினும், போற்றப்பட்டவர் அவரே.

1877-உடன் அதன் தேயிலைப் பயணங்கள் முடிந்தன. பின்னர் ஆஸ்திரேலியக் கம்பளியை ஏற்றியது. 1885-இல் சிட்னியினின்று புறப்பட்டு 73 நாளில் இங்கிலாந்தை எட்டியது. நிலக்கரி நிரப்பும் துறைகள் அருகிய அந்நெடுவழியில், காற்றுக்கு இன்னும் இடமிருந்தது.

1954 முதல் அக்கப்பல் இலண்டனின் கிரீனிச்சில் நிற்கின்றது. 2007-இல் தீ விபத்தில் சேதமுற்றுச் செப்பனிடப்பெற்று, 2012-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

மாணவர்களே! சரக்கு மாறலாம், வழியும் மாறலாம். முறிந்த சுக்கானை நடுக்கடலில் செய்துகொள்ளும் கைத்திறன் வீணாவதில்லை. அம்மாணவனுக்கு நான் கூறிய விடையும் இதுவே.